திறைசேரி உண்டியலும் முறியும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றின் கிராமிய வங்கியில் நீண்ட காலம் கணக்கெழுதியவன் என்பதால், காலபோக நெல் விற்ற காசு கைக்கு வரும் பங்குனி, சித்திரை மாதங்களில் என்னிடம் சிலர் வந்து சில கேள்விகளைக் கேட்பார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று ஊர் மாறினாலும் கேள்விகள் பெரிதாக மாறுவதில்லை. அவற்றையும் நான் சொல்லி வரும் விடைகளையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கணக்கு உதாரணங்களில் வரும் வட்டி வீதங்கள் விளக்கத்துக்கு மட்டுமே.

உண்டியல் என்றால் எங்களுக்குத் தெரிந்தவை கோயில் உண்டியலும் வெளிநாட்டுக் காசு வரும் உண்டியலுந்தான். திறைசேரி உண்டியல் என்பது எது?

பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது. வெளிநாட்டிலிருந்து சட்டபூர்வ வழிக்கு வெளியே காசு அனுப்பும் முறைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. திறைசேரி உண்டியல் என்பது அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும்போது தரும் வாக்குறுதி. அதன் காலம் 91, 182 அல்லது 364 நாட்கள்.

கழிவுச் சீட்டுப் பிடித்தவர்களுக்கு இதன் கணக்கு எளிதில் விளங்கும். சீட்டில் அவசரத் தேவை உள்ளவர் கழிவு விட்டுக் குறைந்த தொகையை இப்போதே எடுத்துக்கொண்டு, பின்னர் முழுத் தொகையையும் கட்டி முடிக்கிறார். உண்டியலில் அந்த அவசரக்காரர் அரசாங்கம். ஒரு இலட்சம் ரூபா முகப்பெறுமதியுள்ள 182 நாள் உண்டியலை ஆண்டுக்கு 8 சதவீத வீதத்தில் வாங்கினால், நீங்கள் கொடுப்பது ஏறத்தாழ 96,160 ரூபா. முதிர்ச்சி நாளில் கிடைப்பது ஒரு இலட்சம். இடையில் வட்டி என்று தனியாக எதுவும் வராது.

182 நாள் உண்டியலை நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மார்ச் 13ஆம் திகதி வாங்கிய உண்டியல் செப்டெம்பர் 11ஆம் திகதி முதிரும். இரணைமடுவின் கீழோ முத்தையன்கட்டின் கீழோ சிறுபோகம் செய்யாமல் விடும் ஒருவருக்கு, அடுத்த காலபோகத்தின் உழவுக்கும் விதைநெல்லுக்கும் காசு தேவைப்படும் காலம் ஏறக்குறைய அதுதான்.

முறி என்பது வேறா?

வேறுதான். திறைசேரி முறி நீண்ட காலத்துக்கானது. 2 ஆண்டு முதல் 30 ஆண்டு வரை வெளியிடப்பட்டிருக்கின்றன. இலங்கையில் இந்த வடிவம் 1997இல் அறிமுகமானது. உண்டியலுக்கான கட்டளைச் சட்டமோ 1923ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. முறிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை வட்டி கிடைக்கும். ஆண்டுக்கு 10 சதவீதக் கூப்பன் வட்டி, அதாவது முறியிலேயே குறித்த மாறாத வட்டி, உள்ள ஒரு இலட்சம் ரூபா முறி ஐந்து ஆண்டுகளுக்கு என்றால், 5,000 ரூபா பத்துத் தடவை வரும். கடைசித் தடவையுடன் முதலும் வரும்.

விலையை யார் தீர்மானிக்கிறார்கள்?

ஏலம் தீர்மானிக்கிறது. உண்டியல் ஏலம் வழமையாகப் புதன்கிழமைகளில் நடக்கும். அதில் முதனிலை வணிகர்கள் என்று நியமனம் பெற்ற வங்கிகளும் நிறுவனங்களும் நேரடியாகப் பங்குபற்றும். நாங்கள் அவர்களிடமிருந்து வாங்க வேண்டும். இலங்கை வங்கி, மக்கள் வங்கி ஆகிய இரண்டுக்கும் அத்தகைய பிரிவுகள் உள்ளன.

எனக்கு இதெல்லாம் தேவையில்லை. நான் அரசாங்கத்துக்குக் கடன் கொடுக்கப் போவதில்லை. அப்படி இருக்கலாம் அல்லவா?

இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் நீங்கள் ஏற்கெனவே கொடுத்திருப்பீர்கள். தேசிய சேமிப்பு வங்கி தன்னிடம் உள்ள வைப்புகளில் ஆகக் குறைந்தது 60 சதவீதத்தை அரச பிணையங்களில் இட வேண்டும் என்பது சட்டம். தபாலகத்தில் பேரப்பிள்ளையின் பெயரில் திறந்த சேமிப்புப் புத்தகத்தின் காசும் அந்த வழியில்தான் போகிறது.

ஊழியர் சேமலாப நிதியம் இதைவிடப் பெரியது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் முதலாளியிடமிருந்து 12 சதவீதமும் அங்கே சேர்கின்றன. அந்த நிதியத்தின் மிகப் பெரும் பகுதி திறைசேரி முறிகளிலேயே இடப்பட்டிருக்கிறது. கிளிநொச்சியின் ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன் இருக்கும் பிள்ளை, முறி என்ற சொல்லையே கேள்விப்படாமல், மாதந்தோறும் முறி வாங்கிக்கொண்டிருக்கிறாள். ஆகவே இந்தப் பக்கத்தில் உள்ளவை முறி வாங்கப் போகிறவருக்கு மட்டும் உரியவை அல்ல.

கையில் ஒரு கடதாசியும் தரமாட்டார்களாமே. கடதாசி இல்லாத ஒன்றை எப்படி நம்புவது?

எல்லாக் கேள்விகளிலும் நான் அதிகம் மதிக்கும் கேள்வி இதுதான். 2004ஆம் ஆண்டிலிருந்து உண்டியலும் முறியும் அச்சிட்ட பத்திரமாக வழங்கப்படுவதில்லை. மத்திய வங்கியின் லங்கா செக்கியூர் என்னும் கணினிப் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே தொகை எழுதப்படும், அவ்வளவுதான். உங்கள் முறி என்பது அந்தப் பதிவுதான்.

2009இன் பின்னர் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய ஒரு அம்மா, பொலித்தீன் பையொன்றைப் பிரித்து, வங்கிப் புத்தகமொன்றை என் மேசையில் வைத்தது இன்னும் நினைவில் இருக்கிறது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்து, செங்கல் மாதிரி இருந்தன. மீதித் தொகை எழுதிய பக்கங்களில் மை கரைந்து நீலக் கறை மட்டுமே எஞ்சியிருந்தது. அட்டையின் உட்பக்கத்தில் கணக்கு இலக்கத்தின் எண்கள் மாத்திரம் வாசிக்கக்கூடியனவாக இருந்தன. வங்கியின் பேரேட்டில் அந்த இலக்கம் இருந்ததால் அவருடைய காசும் இருந்தது. புத்தகம் கணக்கின் பிரதி. கணக்கு இருந்த இடம் வேறு.

மறுபக்கமும் வன்னிக்குத் தெரியும். 1994இல் தொடங்கிய தமிழீழ வைப்பகத்தில் காசு வைத்தவர்களும் நகை அடகு வைத்தவர்களும் இங்கே பலர். அவர்களில் சிலர் பற்றுச்சீட்டைக் கடைசி வரை மடியில் கட்டிக் காப்பாற்றினார்கள். 2009இல் அந்த நிறுவனம் இல்லாமற்போன பின், அந்தச் சீட்டை ஏற்றுக் காசு கொடுக்கும் கடப்பாடுடையவர் என்று ஒருவரும் மிஞ்சவில்லை. கடதாசி பத்திரமாக இருந்தும் பயனில்லாமற்போனது. ஆகவே கேட்க வேண்டியது, பதிவேட்டை யார் வைத்திருக்கிறார்கள், அதில் என் பெயர் இருக்கிறதா, அந்தப் பதிவுக்குச் சட்டப்படி யார் பொறுப்பு என்பவையே. திறைசேரி முறியைப் பொறுத்தவரை, பதிவேடு மத்திய வங்கியிடம், கடனைத் திருப்பித் தர வேண்டியது அரசாங்கம். விற்றுத்தரும் வணிகர் இடைத்தரகர் மட்டுமே. அவர் கடையை மூடினாலும் உங்கள் பெயரில் பதிந்த முறி உங்களுடையதாகவே இருக்கும்.

அப்படியானால் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதிவு உங்கள் பெயரில் நடந்ததா என்பதைத்தான். வணிகர் தரும் பற்றுச்சீட்டோடு திருப்திப்படாமல், லங்கா செக்கியூர் கணக்கு இலக்கத்தையும் முறிக்குரிய தொடர் இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். மத்திய வங்கியின் கூற்று உங்களுக்கு வரும், இணையத்திலும் பார்க்கலாம். இரண்டும் பொருந்த வேண்டும்.

சில வேளைகளில் உங்களுக்கு விற்கப்படுவது முறி அல்ல, மீள்கொள்வனவு உடன்படிக்கை. அதாவது, வணிகர் தன்னுடைய முறியைப் பிணையாக வைத்து உங்களிடம் சில நாட்களுக்குக் காசு வாங்குகிறார். அது தவறான வியாபாரம் அல்ல. ஆனால் பிணையாகச் சொன்ன முறி உங்கள் கணக்கில் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒதுக்கப்படாவிட்டால் உங்கள் கையில் இருப்பது அந்த நிறுவனத்தின் வாய்ச்சொல் மட்டுமே.

இன்னொன்று: கிளையில் இருப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். நானே ஒருமுறை ஒரு வங்கிக் கிளையில் திறைசேரி உண்டியல் வேண்டும் என்று கேட்க, அங்கிருந்த தம்பி அன்பாகக் கதிரை போட்டு, தேநீரும் தந்து, இருபது நிமிடம் ஆயுள் காப்புறுதி பற்றி விளக்கினார். கொழும்பிலுள்ள முதனிலை வணிகர் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்துத் தரச் சொன்ன பிறகே காரியம் நடந்தது. அந்தத் தம்பியில் எனக்குக் கோபமில்லை. அவருக்கு மாத இலக்குக் கொடுத்தவர்கள் வேறு யாரோ.

2023இல் அரசாங்கம் கடன் மறுசீரமைப்பு என்று சொல்லி எங்கள் காசை வெட்டியதா?

யாருடைய காசு என்பதைப் பொறுத்தது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் உதவித்திட்டம் அங்கீகரிக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக, உள்நாட்டுக் கடனிலும் கைவைக்க வேண்டும் என்ற நிலை வந்தது. ஜூன் 29ஆம் திகதி ஹஜ் பெருநாள், 30ஆம் திகதி விசேட வங்கி விடுமுறை, பின்னர் சனி, ஞாயிறு, ஜூலை 3ஆம் திகதி போயா என்று ஐந்து நாட்கள் வங்கிகள் மூடியிருந்தன. அந்தச் சனிக்கிழமைதான் பாராளுமன்றம் கூடி 122க்கு 62 என்ற வாக்குகளால் திட்டத்தை நிறைவேற்றியது. ஏ9 வீதியில் வங்கிக் கதவுகள் பூட்டிக் கிடந்த அந்த ஐந்து நாட்களில், என் வீட்டுப் படலைக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: திறக்கும்போது எங்கள் காசு இருக்குமா?

இருந்தது. வங்கி வைப்புகள் தொடப்படவில்லை. தனியாட்கள் வைத்திருந்த உண்டியல்களும் முறிகளும் தொடப்படவில்லை. மத்திய வங்கி தன்னிடம் வைத்திருந்த உண்டியல்கள் நீண்டகால முறிகளாக மாற்றப்பட்டன. சுமையை ஏற்றவை ஊழியர் சேமலாப நிதியம் போன்ற ஓய்வுகால நிதியங்கள். அவை தங்கள் கையிலிருந்த முறிகளைக் கொடுத்து, 2025 வரை 12 சதவீதமும் அதன் பின் முதிர்ச்சி வரை 9 சதவீதமும் வட்டி தரும் புதிய முறிகளைப் பெற்றுக்கொண்டன. மறுத்தால் அந்த முறி வருமானத்துக்குரிய வரி 14 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாக உயரும் என்பது நிபந்தனை. கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு விருப்பம் கேட்பதற்குச் சட்டமொழியில் பரிமாற்ற அழைப்பு என்று பெயர்.

அங்கத்தவரின் மீதியிலிருந்து ஒரு சதமும் குறைக்கப்படவில்லை என்று அரசாங்கம் சொன்னது உண்மைதான். எதிர்காலத்தில் சேர்ந்திருக்கக்கூடிய வட்டியே குறைந்தது. எனினும், பேரம் பேசத் தெரிந்த வங்கிகள் தப்பிக்கொள்ள, கேட்க ஆளில்லாத தொழிலாளியின் நிதியம் சுமந்தது என்பதே என் அபிப்பிராயம். வங்கிகள் ஏற்கெனவே பலவீனமாக இருந்தன, அவற்றில் கைவைத்தால் வைப்பாளருக்கே ஆபத்து என்ற எதிர்வாதத்தையும் நான் அறிவேன். அது வெறும் சாட்டு அல்ல.

மத்திய வங்கி முறி மோசடி என்று முன்னர் பேசப்பட்டதே, அது என்ன?

2015 பெப்ரவரி 27ஆம் திகதி நடந்த 30 ஆண்டு முறி ஏலத்தில் 100 கோடி ரூபா வேண்டும் என்று அறிவித்துவிட்டு, ஏறத்தாழ 1,000 கோடி ரூபாவுக்கு விலைகோரல்கள் ஏற்கப்பட்டன. அதிகம் ஏற்றுக்கொள்ள அதிக வட்டி கொடுக்க வேண்டும். அதாவது முறி மலிவாகப் போகும். மலிவாகப் போன முறிகள் பின்னர், ஏற்கெனவே வாங்கிய முறிகளை விற்கும் இரண்டாந்தரச் சந்தையில் கூடிய விலைக்குக் கைமாறியபோது, வாங்கியவர்களுள் ஊழியர் சேமலாப நிதியமும் இருந்தது. தையல் இயந்திரத்தின் முன் இருக்கும் பிள்ளைக்கு இந்தக் கதை எங்கே தொடுகிறது என்பது இப்போது விளங்கும்.

இதை வெளியே கொண்டுவந்த நிறுவனங்களையும் குறிப்பிட வேண்டும். கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையை வைத்துக்கொண்டு, கோப் என்று அழைக்கப்படும் பாராளுமன்றக் குழு 2016இல் அறிக்கை தந்தது. 2017 ஜனவரியில் ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழு நியமிக்கப்பட்டு, ஆண்டு முடிவில் தன் அறிக்கையைக் கையளித்தது. 2017 ஜூலை முதல் முறி ஏலத்துக்குப் புதிய நடைமுறை வந்தது. நிறுவனங்கள் மெதுவாக நடக்கும், ஆனாலும் நடந்தன.

முறியில் நட்டமே வராதா?

வரும், இரண்டு வழிகளில். முதலாவது, முதிர்ச்சிக்கு முன் விற்பது. மேலே சொன்ன 10 சதவீத முறியை வாங்கிய கையோடு சந்தை வட்டி 12 சதவீதமாக ஏறினால், உங்கள் ஒரு இலட்சம் ரூபா முறிக்குச் சந்தையில் 92,640 ரூபா அளவில்தான் கிடைக்கும். வட்டி 8 சதவீதமாக இறங்கினால் 108,110 ரூபா அளவு கிடைக்கும். மகளின் கலியாணத்துக்கு அடுத்த ஆண்டு தேவைப்படும் காசை ஐந்து ஆண்டு முறியில் போடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். கடைசி நாள் வரை வைத்திருப்பவருக்கு இந்த ஏற்ற இறக்கம் வெறும் எண்.

இரண்டாவது வழி விலைவாசி. 2022இல் 91 நாள் உண்டியல் 30 சதவீதத்துக்கு மேல் வட்டி தந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். காசு முழுதாகத் திரும்பி வந்தது. ஆனால் அந்தக் காசுக்கு வாங்கக்கூடிய உர மூட்டைகள் குறைந்துவிட்டன.

வரி?

2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 சதவீதம் பிடித்துக்கொண்டே தருகிறார்கள். ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாதவர் சுயபிரகடனப் படிவம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். நம்மவரில் அநேகர் அந்த எல்லைக்குள் இருந்தும் படிவம் கொடுப்பதில்லை.

நிதிக் கம்பனிகள் இதைவிடக் கூடிய வட்டி தருகின்றனவே?

தருகின்றன, கூடிய வட்டி கூடிய ஆபத்துக்கான கூலி. உரிமம் பெற்ற வங்கியிலோ நிதிக் கம்பனியிலோ வைப்புச் செய்தால், அந்த நிறுவனம் விழுந்தாலும் வைப்புக் காப்புறுதியின் கீழ் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரை பாதுகாப்பு உண்டு. காணி இழப்பீட்டுக் காசு, வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பிய காசு என்று அதற்கு மேல் ஒரே இடத்தில் வைக்கிறவர்கள் யோசிக்க வேண்டும். ஆட்களைச் சேர்த்துவிட்டால் இலாபம் என்று சொல்லும் திட்டங்கள் பிரமிட் திட்டங்கள். வங்கித்தொழில் சட்டத்தின்படி அவை தடைசெய்யப்பட்டவை. கொண்டுவந்தவர் உறவினராக இருந்தாலும் இதுவே பதில்.

கிளிநொச்சியில் உள்ள மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகத்தில் முறி வாங்கலாமா?

அது கடை அல்ல. விளக்கம் கேட்கலாம், வாங்குவதற்கு முதனிலை வணிகரிடம் போக வேண்டும்.

இந்தக் கடனில்தான் எங்கள் வீதி போடப்படுகிறதா?

சொல்ல முடியாது. முறியில் வந்த காசும் வரியில் வந்த காசும் திறைசேரியின் ஒரே பானைக்குள் விழுகின்றன. அதிலிருந்து சம்பளமும் போகிறது, வீதிக்கும் போகிறது, பழைய கடனின் வட்டிக்கும் போகிறது. 2023இல் அரச வருமானத்தின் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அளவு தொகை வட்டிக்கே தேவைப்பட்டது. எவ்வளவு கடன் வாங்கலாம் என்ற எல்லையைப் பாராளுமன்றம் ஆண்டுதோறும் விதிக்கிறது. அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரையின்படி பொது நிதியின் முழுக் கட்டுப்பாடும் அதனிடமே இருக்கிறது. கடனைத் திட்டமிடும் பணிக்கு 2024ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிதி அமைச்சில் தனி அலுவலகம் அமைக்கப்பட்டது.

உங்கள் வீதிக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது என்பதை அறிய வேறு வழி உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பிரதேச சபையாயினும் பிரதேச செயலகமாயினும் அங்குள்ள தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்பம் கிடைத்ததற்கான ஒப்பத்தை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் மேன்முறையீட்டுக்குப் போனால் நாட்கணக்கை நிரூபிக்க முடியாது.

கனடாவில் உள்ள அண்ணா வாங்கலாமா?

வாங்கலாம். இங்குள்ள வங்கியொன்றில் உள்முக முதலீட்டுக் கணக்கு திறந்து, அதன் ஊடாகக் காசைக் கொண்டுவர வேண்டும். அப்படிச் செய்தால் முதலும் வட்டியும் திரும்ப வெளியே போவதற்குத் தடை இராது. அவர் டொலரில் யோசிப்பவர். ரூபா விழுந்தால் வட்டி அந்த வீழ்ச்சியை ஈடுசெய்யாமல் போகலாம் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

கணவர் காணாமலாக்கப்பட்டவர். அவருடைய சேமலாப நிதியைக் கேட்டால் மரணச் சான்றிதழ் கேட்கிறார்கள். என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு விடை சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்திக்கொள்வேன். மரணச் சான்றிதழ் வாங்க மாட்டேன் என்று இருக்கும் மனைவியரிடமும் தாய்மாரிடமும் வாங்குங்கள் என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. இறப்புகளைப் பதிவுசெய்வது பற்றிய 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இன்னொரு பத்திரத்தை ஏற்படுத்தியது: காணாமற்போனமைக்கான சான்றிதழ். அவர் இறந்துவிட்டார் என்று அது சொல்லாது. அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு குடும்பத்தவர் அவருடைய சொத்துகளைத் தற்காலிகமாக முகாமை செய்யவும் உதவிக் கொடுப்பனவுகளைப் பெறவும் சட்டம் இடமளிக்கிறது. காணாமற்போனோர் அலுவலகம் போன்றவற்றின் அறிக்கையை வைத்துப் பதிவாளர் நாயகம் அதை வழங்குவார். கருமபீடத்தில் இருப்பவர் அப்படியொன்றை அறியேன் என்றால், சட்டத்தின் இலக்கத்தையும் ஆண்டையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து, எழுத்தில் பதில் தரும்படி கேளுங்கள்.

சேமலாப நிதிக்கு அவருடைய அங்கத்துவ இலக்கமும் தொழில்தருநரின் இலக்கமும் தேவை. பழைய சம்பளச் சிட்டை ஒன்று எங்காவது கிடந்தால் அதில் இரண்டும் இருக்கும். சிட்டை இல்லாவிட்டால், தேசிய அடையாள அட்டை இலக்கத்தை வைத்துத் தொழில் திணைக்களத்தில் தேடச் சொல்லலாம்.

முகவரி என்று எதை எழுதுவது?

சிறிய கேள்விதான், ஆனால் தவறுவது இங்கேதான். மீள்குடியேறிய பின் பல இடங்களில் ஒழுங்கைகளுக்குப் புதுப் பெயர்களும் வீடுகளுக்குப் புது இலக்கங்களும் வந்தன. அடையாள அட்டையில் இடம்பெயர்வுக்கு முந்திய முகவரியே இன்னும் கிடக்கிறது. அந்த முகவரியை அப்படியே படிவத்தில் எழுதினால், மத்திய வங்கியின் கடிதம் இப்போது யாரும் இல்லாத ஒரு வளவுக்குப் போகும். தபால் உண்மையில் வந்து சேரும் முகவரியை எழுதுங்கள். அது அடையாள அட்டையோடு பொருந்தாவிட்டால் கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழைச் சேர்த்துக் கொடுங்கள். கடிதத்தை எதிர்பார்த்திருக்கும் செய்தியை உபதபாலகத்தில் இருப்பவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். எங்கள் பக்கத்தில் அநேகமான கடிதங்கள் அவருடைய மேசை லாச்சியில்தான் ஆளைத் தேடிக்கொண்டு கிடக்கின்றன.